'இருக்கட்டும்' என்கிற சொல்

கும்பகோணத்தில் அம்மா தனியாக இருந்த வீட்டைக் காலி செய்ய மூன்று நாள் பிடித்தது. அதில் இரண்டு நாள் பரணுக்கே போனது. நான் ஏணியில் ஏறி ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுக்க, அம்மா கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து, பழைய வேட்டித் துண்டால் துடைத்துத் துடைத்து வரிசையாக வைத்தாள். பித்தளைத் தவலை, வெண்கலப் பானை, ஈயச்சொம்பு, கூஜா, எவர்சில்வர் அடுக்கு, தூக்குவாளி, டவரா டம்ளர். அநேகமாக எல்லாவற்றிலும் விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அம்மா படித்தாள். "இது பெரியம்மா என் கல்யாணத்துக்குக் கொடுத்தது. இது உங்க அண்ணன் பிறந்தப்போ மாமா வாங்கிட்டு வந்தது. இந்தத் தூக்கு உங்க பாட்டி சீட்டுப் பணத்துல எடுத்தது."

"சரிம்மா, இதை என்ன செய்யட்டும்?"

"இருக்கட்டும்டி."

பரணின் மூலையில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. அது அம்மாவுடையது அல்ல. சென்னை வீட்டில் இடமில்லை என்று சில வருடங்களுக்கு முன் நான்தான் அனுப்பி வைத்திருந்தேன். பிரித்தால், மூடி தொலைந்த மிக்ஸி ஜார், ஒன்றுக்கொன்று மூடி பொருந்தாத பிளாஸ்டிக் டப்பாக்கள், எந்த போனுடையது என்று தெரியாத சார்ஜர் வயர்கள், கண்ணாடித் தாள்கூடப் பிரிக்காத ஒரு போட்டோ ஃபிரேம், ஏதோ விழாவில் கொடுத்த நான்கு காபி மக். அம்மா ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் யார் கொடுத்தது?" என்று கேட்டாள். ஒன்றுக்கும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

மூன்றாம் நாள் பாத்திரக் கடைக்காரர் தராசோடு வந்தார். தனக்கு வேண்டியது மூன்றே மூன்று என்று அம்மா ஒரே மூச்சில் முடிவு செய்துவிட்டாள். ஈயச்சொம்பு, சின்ன வெண்கலப் பானை, கூஜா. உறவுக்காரப் பெண்கள் கேட்டதைப் பிரித்துக் கொடுத்தாள். மீதியை அவர் எடை போட்டு, பணத்தை எண்ணிக் கொடுத்து எடுத்துப் போனார். அரை மணி நேர வேலை. என் அட்டைப்பெட்டியையும் காட்டினேன். குனிந்து பார்த்தவர் நிமிர்ந்து, "இதை யாரும் எடுக்க மாட்டாங்கம்மா" என்றார்.

அந்த வார்த்தை அன்று ரயிலில் திரும்பும் வழி முழுக்கக் கூடவே வந்தது.

சொல் அதேதான், சாமான் வேறு

வீட்டில் குறைந்த பொருளோடு வாழ்வது பற்றி இப்போது நிறையப் பேர் பேசுகிறார்கள். 'மினிமலிசம்' என்ற சொல்லும் நமக்குப் பழகிவிட்டது. வெள்ளைச் சுவர், ஒரே ஒரு செடி, ஒரு நாற்காலி என்று படங்களில் பார்க்கிறோம். ஆனால் நம் வீடுகளை நிறைப்பது ஆடம்பர ஆசை என்று நான் நினைக்கவில்லை. "இருக்கட்டும், என்றைக்காவது உதவும்" என்கிற சிக்கன புத்திதான் நிறைக்கிறது. அந்தப் புத்தி தவறானதும் அல்ல. அம்மாவின் காலத்துச் சாமானுக்கு அது அச்சாகப் பொருந்தியது.

ஒரு நூல் புடவையை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வெளியே கட்டுவார்கள். சாயம் போனதும் அது வீட்டுப் புடவை. கிழிய ஆரம்பித்தால் தூளி, குழந்தைக்கு விரிப்பு. அதற்குப் பிறகு நான்காகக் கிழித்தால் அடுப்படிக் கரித்துணி. கடைசியில் மிஞ்சும் நைந்த துண்டு விளக்குத் திரியாகி எரிந்து முடியும். ஐந்து பிறவி எடுக்கிற பொருளை "இருக்கட்டும்" என்று வைப்பது முழுக்க நியாயம். பித்தளைப் பாத்திரத்தில் ஓட்டை விழுந்தால் பற்றவைக்கவும், உள்ளே ஈயம் பூசவும் ஆள் தெருவுக்கே வருவார். குடை ரிப்பேர், சாணை பிடிக்கிறவர், அம்மி கொத்துகிறவர் என எல்லோரும் வாசலில் குரல் கொடுத்துவிட்டுப் போவார்கள். சரிசெய்யவே முடியாமல் போனாலும் எடைக்குப் போட்டால் காசு.

இன்றைக்கு நம் பீரோவில் இருக்கிற பாலியஸ்டர் சுடிதாருக்கு இரண்டாம் பிறவி கிடையாது. கரித்துணியாக்கினால் தண்ணீரை உறிஞ்சாது. சூடான பாத்திரத்தைப் பிடித்தால் உருகி ஒட்டிக்கொள்ளும். தூளி கட்டினால் குழந்தைக்கு வேர்க்கும். மூடி தொலைந்த டப்பாவுக்கு மூடி மட்டும் எந்தக் கடையிலும் கிடைக்காது. மிக்ஸியைச் சரிசெய்யக் கொண்டுபோனால், இந்த மாடலுக்கு உதிரிபாகம் வருவதில்லை என்கிறார்கள். சாமான் இப்படி மாறிவிட்டது. நாம் அதே சொல்லைச் சொல்லி அதே பரணில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம்.

அந்தக் காலத்தில் எல்லோரும் எளிமையாக வாழ்ந்தார்கள் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. இல்லாமையால் வந்த காலி வீட்டை எளிமை என்று புகழ்வது, அதில் கஷ்டப்பட்டவர்களுக்குச் செய்கிற மரியாதை ஆகாது. இருந்தவர்கள் சேர்க்கத்தான் செய்தார்கள். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் பெண்ணுக்குச் சீராக வைத்த சாமான் அறை அறையாக நிறைந்திருந்தது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் அந்த வீடுகளிலிருந்து வந்த மரச்சாமான், எனாமல் பாத்திரம், பீங்கான் ஜாடி எல்லாம் கடை கடையாக விற்பனைக்கு இருப்பதைப் பார்க்கலாம். சேர்க்கிற ஆசை மனிதருக்கு எப்போதும் உண்டு. முன்பு அதற்குப் பணம் தடையாக இருந்தது. இப்போது தடையே இல்லை. நள்ளிரவில் படுத்தபடி கட்டைவிரலால் வாங்கலாம், விடிந்ததும் வாசலுக்கு வந்துவிடுகிறது.

வெள்ளம் காலி செய்த வீடு

2015 டிசம்பரில் நாங்கள் அடையாற்றுக்குப் பக்கத்தில் தரைத்தளத்தில் குடியிருந்தோம். இரவில் தண்ணீர் ஏறத் தொடங்கியபோது மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது இவ்வளவுதான்: சான்றிதழ், பத்திரம் இருந்த பை, மாமனாரின் மாத்திரை டப்பா, போர்வை இரண்டு, ஆல்பம் ஒன்று, அரிசி, கேஸ் அடுப்பு. தண்ணீர் வடிந்த பிறகு வீட்டிலிருந்த மற்றதில் பாதிக்கு மேல் தெருவில் குவித்தோம். தெரு முழுக்க அப்படித்தான். மெத்தை, சோபா, புத்தகம், துணி எல்லாம் சேற்றோடு மலையாகக் கிடந்தன. சான்றிதழ்களைத் தொலைத்தவர்களுக்காக அரசு தனி முகாம் நடத்த வேண்டியிருந்தது.

அந்த வீட்டைக் கழுவித் துடைத்து, காலியான கூடத்தில் பாயில் உட்கார்ந்து சாப்பிட்ட முதல் நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. இவ்வளவு பெரிய வீடா இது என்று மாமியார் ஆச்சரியப்பட்டார். இனி தேவையானது மட்டும்தான் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டோம். 2018-ல் அந்த வீட்டைவிட்டு மாறும்போது, போகிற லாரியில் இடம் போதாமல் இரண்டாவது வண்டி பிடித்தோம். அப்போது அனுப்பியதுதான் கும்பகோணத்துப் பரணில் இருந்த அந்தப் பெட்டி.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. வீட்டைக் காலி செய்வது ஒரு பழக்கம் அல்ல, ஒரு சம்பவம். வெள்ளம்கூட அதைச் செய்துவிடும். சாமான் நுழைகிற இடத்தில் பழக்கம் மாறாவிட்டால் மூன்று வருடத்தில் பழைய நிலைமைதான். கழிப்பது எப்படி என்று சொல்லித்தருகிற புத்தகங்களும் நிகழ்ச்சிகளும் எத்தனையோ வந்துவிட்டன. எங்கள் வீட்டில் பலன் தந்தவை வாசற்படிப் பழக்கங்கள்தான்.

முதலாவது, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய ஒரு கோடு போட்ட தாள். மளிகை, காய்கறி, மருந்து தவிர வேறு எது வாங்கத் தோன்றினாலும் பொருளின் பெயரையும் தேதியையும் அதில் எழுத வேண்டும். பத்து நாள் கழித்தும் வேண்டும் என்று தோன்றினால் வாங்கலாம். விதி அவ்வளவுதான். முதல் மாதம் நாங்கள் எல்லோரும் சேர்ந்து 23 வரி எழுதினோம். பத்தாம் நாள் பார்த்தபோது சிலவற்றை எதற்கு எழுதினோம் என்றே நினைவில்லை. கடைசியில் வாங்கியது ஐந்து. தள்ளுபடி விற்பனை இன்றோடு முடிகிறது என்று போனில் செய்தி வரும்போதுதான் இந்தத் தாளுக்குச் சோதனை. தள்ளுபடி முடிந்துவிட்டால் முடியட்டும், அடுத்த பண்டிகைக்கு மறுபடி வரும் என்று விடப் பழகிக்கொண்டோம். அட்டை விவரங்களை ஷாப்பிங் செயலிகளில் சேமிக்காமல் இருப்பதும் பெரிய உதவி. ஒவ்வொரு முறையும் பதினாறு எண்ணைத் தட்டுவதற்குள் பாதி ஆசை அடங்கிவிடுகிறது.

இரண்டாவது, பார்சல் வந்ததும் வாசலிலேயே பிரிப்பது. அட்டையும் குமிழித் தாளும் உள்ளே வரவே கூடாது. 'நல்ல பெட்டி' என்று எடுத்து வைத்த ஒவ்வொரு அட்டைப்பெட்டியும் இன்னொரு குவியலின் தொடக்கம்.

துணிப்பையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குகளுக்குத் தமிழகத்தில் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. இரண்டும் என் மனதுக்கு நெருக்கமானவை. ஆனால் துணிக்கடையில் ஒன்று, கல்யாணத்தில் ஒன்று, கண்காட்சியில் ஒன்று என்று வாங்கி வந்து எங்கள் வீட்டில் முப்பதுக்கும் மேல் பை சேர்ந்துவிட்டது. பருத்தி விளையவும் துணி நெய்யவும் தண்ணீரும் உழைப்பும் வேண்டும். ஒரே பையைத் திரும்பத் திரும்ப எடுத்துப் போனால்தான் அதற்கு அர்த்தம். இப்போது செருப்பு ஸ்டாண்டுக்கு மேல் ஓர் ஆணி, அதில் இரண்டு பை. மற்றதைத் தெருமுனைக் காய்கறிக்கார அக்காவிடம் கொடுத்தேன். பை மறந்து வருகிறவர்களுக்கு அவர் தருகிறார்.

தாம்பூலம் எப்படிப் பிளாஸ்டிக் டப்பா ஆனது?

நாம் வாங்குவது பாதி என்றால், நமக்கு வந்து சேர்வது மறுபாதி. இதில்தான் நம் ஊரில் வாய் திறந்து பேசத் தயங்குகிறோம்.

தாம்பூலம் என்பது வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், பழம், கொஞ்சம் பூ. யோசித்துப் பாருங்கள், இதில் ஒரு பொருள்கூட வீட்டில் வெகுநாள் தங்காது. வெற்றிலையை மெல்லலாம், தேங்காயைத் துருவலாம், மஞ்சள் சமையலுக்குப் போகும், பூ தலைக்கு. வந்தவர்களை நிறைவாக அனுப்ப வேண்டும், அவர்கள் வீட்டில் சுமையும் சேரக் கூடாது என்ற நயம் அதற்குள் இருக்கிறது. நம் மொய்ப்பழக்கமும் அப்படித்தான். கல்யாணச் செலவுக்குக் கைகொடுக்கிற பணமே தவிர, அலமாரியில் ஏறுகிற பொம்மை அல்ல.

இப்போது தாம்பூலப் பையில் சின்ன பிளாஸ்டிக் டப்பா, கண்ணாடிக் கிண்ணம், குங்குமச்சிமிழ், ஜிகினா ஒட்டிய தட்டு எல்லாம் வருகின்றன. ஒரு முகூர்த்த மாதத்தில் ஆறு கல்யாணம் என்றால் ஆறு டப்பா. குழந்தைகளின் பிறந்தநாள் விழா என்றால் 'ரிட்டர்ன் கிஃப்ட்' வேறு. அன்போடு கொடுத்ததை எப்படி வெளியே போடுவது என்று மனம் கேட்பதில்லை. அதனால் பரண்.

எங்கள் வீட்டு விசேஷங்களில் நாங்கள் பழைய தாம்பூலத்துக்கே திரும்பிவிட்டோம். மகளின் பிறந்தநாளுக்கு வந்த குழந்தைகளுக்குக் கடலைமிட்டாயும் தேன்மிட்டாயும் காகிதப் பொட்டலத்தில் கட்டிக் கொடுத்தோம். அடுத்த வாரம் பக்கத்து வீட்டு அம்மா அந்தக் கடை எங்கே இருக்கிறது என்று விசாரித்தார். அறுபதாம் கல்யாண அழைப்பிதழில், "தங்கள் வருகையே எங்களுக்குப் பரிசு" என்று மாமனார் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். மனக்கசப்பு யாருக்கும் இல்லை. சிலர் பழம் வாங்கி வந்தார்கள், அன்றைக்கே பந்தியில் பரிமாறினோம். வேண்டாம் என்று சொல்வதற்குப் பதில் இது வேண்டும் என்று சொன்னால், கொடுக்கிறவர்களுக்கும் நிம்மதி என்று அப்போது புரிந்தது.

அஞ்சறைப்பெட்டி சொல்லும் அளவு

சமையலறையில் எனக்கு வழிகாட்டி அஞ்சறைப்பெட்டிதான். கடுகுக்கு ஒரு கிண்ணம், சீரகத்துக்கு ஒன்று, வெந்தயத்துக்கு ஒன்று. கிண்ணம் கொள்கிற அளவுதான் உள்ளே. கடுகு மலிவாகக் கிடைத்தது என்று மிளகுக் கிண்ணத்தில் கொட்டுவதில்லை. இந்த ஒழுங்கை வீட்டின் மற்ற இடங்களுக்கும் கொண்டுபோகப் பழகினோம். அளவை முடிவு செய்வது நாம் அல்ல, இடம். டம்ளர் தட்டில் எத்தனை நிற்குமோ அத்தனை. குழந்தைகளின் கலர் பென்சில் ஒரு டப்பா. பீரோவில் எனக்கு மூன்று தட்டு. புதுப்புடவை நுழைய வேண்டுமானால் ஒன்று வெளியே வந்து வழிவிட வேண்டும். எண்ணிக்கை வைத்து வாழ்வது எனக்குச் சரிவரவில்லை. நூறு பொருள் சவால், முப்பது உடை சவால் என்றெல்லாம் கேள்விப்பட்டு ஒருமுறை எண்ண முயன்றேன். இட்லித் தட்டு நான்கையும் நான்காக எண்ணுவதா ஒன்றாகவா என்ற இடத்திலேயே கணக்கு நின்றுவிட்டது. இடத்தை அளவாக வைத்தால் எண்ணவே வேண்டியதில்லை.

பருப்பு வகைகளை மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்கிக்கொண்டிருந்தோம். சென்னை ஈரப்பதத்தில் வண்டு விழுந்து, வெயிலில் காயவைத்துப் புடைத்து, அப்படியும் கொஞ்சம் போகும். அறுவடை முடிந்து ஒரு முறை மட்டும் தானியம் வீட்டுக்கு வந்த காலத்தில் குதிர் கட்டி நிரப்புவது அவசியமாக இருந்தது. கீழ்த்தெருவில் மளிகைக்கடை இரவு பத்து வரை திறந்திருக்கும்போது, அந்தக் கடையையே நம் குதிராக வைத்துக்கொள்ளலாம். இப்போது அரைக் கிலோ அரைக் கிலோவாக வாங்குகிறோம். வியாழக்கிழமை புதுக் காய் வாங்குவதில்லை. ஃபிரிட்ஜில் மிஞ்சிய கால் முள்ளங்கி, இரண்டு கத்தரிக்காய், ஒரு பிடி அவரை எல்லாம் சேர்ந்து கூட்டுக்குழம்பாகிவிடும். என் வீட்டில் வாரம் முழுக்க எல்லோரும் காத்திருக்கிற சாப்பாடு அதுதான்.

பார்சல் சாப்பாட்டு டப்பாக்களில் நான் ஒரு முடிவு எடுத்தேன். கழுவி அடுக்கிச் சேர்ப்பது இல்லை. சூடான சாம்பாரை மறுபடி அதில் ஊற்ற எனக்கு மனம் ஒப்பவில்லை. தெரு உணவகத்துக்குத் தூக்குவாளியோடு நடந்து போனால், அளவும் கொஞ்சம் தாராளமாகக் கிடைக்கிறது.

துணிக்கு ஒரு சின்ன வேலை செய்யலாம். பொங்கலன்று எல்லா ஹேங்கரையும் கொக்கி நம்மைப் பார்த்த மாதிரி திருப்பி மாட்டுங்கள். உடுத்தித் துவைத்து மாட்டும்போது மட்டும் சரியான பக்கம் மாட்டுங்கள். ஆடி பிறக்கும்போது பீரோவைத் திறந்தால், எதைத் தொடவே இல்லை என்று அதுவே காட்டிவிடும். பட்டுப்புடவைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதற்கு வருடத்தில் சில நாட்கள்தான் வேலை. ஆனால் மடிப்பு மாற்றி மடித்து, காற்றாட விட்டுப் பராமரிக்க முடிகிற அளவுக்கு மேல் பட்டு இருந்தால், மடிப்பிலேயே இற்றுப்போகும்.

நவராத்திரிக் கணக்கு

அப்படியானால் எப்போதாவது மட்டும் வேண்டியிருப்பதை என்ன செய்வது? இதற்கு என் மாமியாரின் கொலுப்பெட்டி பதில் வைத்திருந்தது.

தகரப் பெட்டி. உள்ளே பண்ருட்டி பொம்மைகள், மதுரை விளாச்சேரி பொம்மைகள், ஒவ்வொன்றும் பழைய வேட்டித் துணியில் சுற்றி. பெட்டியின் மூடிக்கு உட்புறம் எந்தப் பொம்மை எந்தப் படி என்று அத்தை பென்சிலால் எழுதி ஒட்டியிருக்கிறார். வருடத்தில் 355 நாள் அது கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. ஆனாலும் அது அடைசல் இல்லை. ஏனென்றால் அதற்கு ஒரு தேதி இருக்கிறது. புரட்டாசி அமாவாசை வந்தால் அது கட்டாயம் வெளியே வரும், துடைக்கப்படும், உடைந்தது எது என்று தெரியும்.

இதைப் பார்த்துத்தான் எங்கள் வீட்டு விதியை வகுத்தோம். தேதி இருக்கிற பொருள் இருக்கலாம். பணியாரச் சட்டிக்குக் கார்த்திகை, முறுக்கு அச்சுக்குக் கிருஷ்ண ஜெயந்தி, பெரிய பாத்திரத்துக்குத் தீபாவளி. ஒரு நவராத்திரியிலிருந்து அடுத்த நவராத்திரி வரை ஒருமுறைகூட வெளியே வராத பெட்டி இருந்தால், அதற்குத் தேதி இல்லை என்று அர்த்தம். அதை எங்கே அனுப்புவது என்று அப்போது உட்கார்ந்து முடிவு செய்கிறோம். முறுக்கு அச்சுகூட எங்கள் மாடியில் மூன்று வீட்டுக்கு ஒன்றுதான். முன்பெல்லாம் ஏணி, உரல், பெரிய அண்டா எல்லாம் தெருவுக்கு ஒரு வீட்டில் இருக்கும், இரவல் போய்வரும். பண்டத்தோடு இரண்டு முறுக்கும் திரும்பி வரும். பாத்திர வாடகைக் கடை இன்றும் எல்லா ஊரிலும் இருக்கிறது.

கையில் எடுத்த பிறகு விட மனம் வராதது ஏன் என்பதற்கு ஓர் ஆராய்ச்சி உண்டு. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990-ல் வெளியிட்டார்கள். வகுப்பில் பாதி மாணவர்களுக்கு ஒரு காபி மக்கை இலவசமாகக் கொடுத்துவிட்டு, என்ன விலைக்கு விற்பீர்கள் என்று கேட்டார்கள். கிடைக்காதவர்களிடம் என்ன விலைக்கு வாங்குவீர்கள் என்று கேட்டார்கள். கையில் மக் இருந்தவர்கள் கேட்ட விலை, மற்றவர்கள் தர இருந்த விலையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. சில நிமிடம் நம்முடையதாக இருந்தாலே மதிப்பு ஏறிவிடுகிறது. என் அட்டைப்பெட்டியிலும் நான்கு மக் இருந்ததே! இப்போது தயக்கம் வரும்போது நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி: இதை இன்று கடையில் பார்த்தால் காசு கொடுத்து வாங்குவேனா?

அவரவர் அலமாரி

ஒரு தவறை நான் செய்திருக்கிறேன், அதை இங்கே எழுதுவது கடமை. ஆர்வக்கோளாறில் ஒரு நாள் மாமியார் ஊருக்குப் போயிருந்தபோது அவருடைய அலமாரியை நான் ஒழுங்கு செய்தேன். மஞ்சளேறிய பத்திரிகைத் தாள்கள் ஒரு கட்டு இருந்தன, பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன். அத்தை வந்து தேடினார். அவர் கோலப் போட்டியில் பரிசு வாங்கியபோது பேர் வந்த பத்திரிகை அதில் இருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. "பரவாயில்லைம்மா" என்று மட்டும் சொன்னார். இன்றுவரை அது எனக்கு ஆறவில்லை.

அன்றிலிருந்து இன்னொருவர் பொருளைத் தொடுவதில்லை. கணவருடைய மேசை டிராயர், மகனின் கிரிக்கெட் சாமான், அத்தையின் அலமாரி எல்லாம் அவரவர் எல்லை. பொது இடமான கூடம், சாப்பாட்டு மேசை, சமையல் மேடை மூன்றும் மட்டும் இரவு படுக்கும் முன் வெறுமையாக இருக்க வேண்டும் என்று பேசி வைத்தோம். எல்லோரும் சேர்ந்தால் பத்து நிமிடம். இந்தப் பத்து நிமிடத்தை விட்டுவிட்டால் மற்ற எல்லாப் பழக்கமும் ஒரு வாரத்தில் சரிகிறது என்பதைப் பல முறை பார்த்துவிட்டேன். ஒழுங்குபடுத்தலில் உலகப் புகழ் பெற்ற ஜப்பானின் மேரி கொண்டோவே மூன்றாவது குழந்தை பிறந்த பிறகு தன் வீட்டை முன்போல வைக்க முடியவில்லை, நேரத்தைக் குழந்தைகளோடு செலவிடுவதே இப்போது முக்கியம் என்று 2023-ல் வெளிப்படையாகச் சொன்னார். அதனால் அவர்மேல் எனக்கு மதிப்பு கூடியது.

குறைப்பதற்கும் எல்லை உண்டு. 1925-ல் இந்தியாவுக்கு வந்து காந்தியோடு பழகிய ரிச்சர்ட் கிரெக் என்ற அமெரிக்கர், எளிமை பற்றி 1936-ல் எழுதினார். மற்றதையெல்லாம் விட முடிகிறது, புத்தகங்களை மட்டும் விட முடியவில்லை என்று அவர் காந்தியிடம் முறையிட்டாராம். அப்படியானால் விடாதீர்கள் என்றே காந்தி சொன்னார் என்று கிரெக் பதிவு செய்திருக்கிறார். உள்ளத்துக்குத் துணையாக இருக்கிற வரை ஒரு பொருள் இருக்கலாம், தியாகமாக நினைத்து விட்டால் அதன் ஏக்கம் திரும்ப வந்து தொல்லை கொடுக்கும் என்பது காந்தியின் கருத்து. இவ்வளவு குறைவோடு வாழ்ந்த மனிதர் சொன்னது என்பதால் எனக்கு இது பெரிய ஆறுதல். அத்தையின் பத்திரிகைக் கட்டைத் தொடும்முன் இதைப் படித்திருக்கக் கூடாதா!

எங்கே போகிறது?

வீட்டைவிட்டு வெளியேறுவது காற்றில் கரைந்துவிடுவதில்லை. போகியன்று பழையதைக் கொளுத்துவது வழக்கம். ஓலைப்பாயும் துடைப்பமும் எரிந்த காலம் வேறு. இன்று டயரும் பிளாஸ்டிக்கும் ஃபோம் மெத்தையும் எரிகின்றன. 2018 போகிப் புகையில் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் திண்டாடின. ஆஸ்துமா உள்ள குழந்தை இருக்கிற வீட்டில் அந்த அதிகாலை எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

நல்ல துணியைத் துவைத்து, பித்தான் தைத்து, ஜோடி சேர்த்து மடித்துக் கொடுங்கள். கிழிந்ததை ஏழைக்குக் கொடுப்பது கொடை ஆகாது. அன்ஷு குப்தா 1999-ல் டெல்லியில் தொடங்கிய 'கூன்ஜ்' அமைப்பு நகரத்துத் துணியையும் சாமானையும் கிராமங்களுக்குக் கொண்டுபோகிறது. அங்கே மக்கள் தங்கள் ஊருக்காகக் கிணறு வெட்டுகிறார்கள், பாதை போடுகிறார்கள். அந்த உழைப்புக்குப் பரிசாகத்தான் அவை போய்ச் சேர்கின்றன. பிச்சையாக அல்ல. 2015-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது இந்த மரியாதைக்காகவும்தான் என்று நான் நினைக்கிறேன். நெல்லை போன்ற ஊர்களில் 'அன்புச் சுவர்' என்று வைத்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளச் செய்ததும் நல்ல முயற்சி.

காலாவதியான மாத்திரை, டியூப் லைட், பேட்டரி, ஊசி ஆகியவற்றை மற்றக் குப்பையோடு கலக்கக் கூடாது. 2016-ம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே இவற்றை வீட்டின் அபாயக் கழிவு என்று தனியாகப் பிரித்தன. சார்ஜர், வயர், பழைய போனை, அவற்றைப் பெறுகிற அங்கீகாரம் உள்ள இடங்களில் கொடுக்க வேண்டும். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி, தயாரித்த நிறுவனத்துக்கும் அதில் பொறுப்பு உண்டு. என் அட்டைப்பெட்டி கடைசியில் ஐந்து இடங்களுக்குப் பிரிந்து போனது. அதற்கு இரண்டு வாரச் சனிக்கிழமை ஆயிற்று. வாங்க ஆன நேரம் எல்லாம் சேர்த்து அரை மணிகூட இருக்காது.

அம்மா எங்களோடு வந்து மூன்று வருடமாகிறது. ஈயச்சொம்பில்தான் தினமும் ரசம். புளித்தண்ணீரை ஊற்றிய பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும், வெறும் சொம்பை வைத்தால் உருகி ஓடிவிடும் என்று பேத்திக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். போன வாரம் ஃபிரிட்ஜ் தாளில் நான் "மேசைக்குக் கண்ணாடித் தண்ணீர் ஜாடி" என்று எழுதி, தேதி போட்டிருந்தேன். நேற்றுப் பார்த்தால் அதற்குப் பக்கத்தில் நடுங்கிய எழுத்தில் பென்சிலால் அம்மா எழுதியிருக்கிறாள்: "கூஜா இருக்கு."